வெள்ளி இதயத்தின் நடு வைரம்

லீர் ஊரில் லெயோன்டினின் ரொட்டிக்கடையைத் தெரியாதவர் கிடையாது. கணவர் போய்ப் பன்னிரண்டு வருஷமாகியும் அவள் கடையை விடவில்லை. அறுபத்தெட்டு வயதிலும் பட்டை கிராம்பு மணக்கும் சின்னப் பணியாரங்களைத் தன் கையாலேயே சுட்டு அடுக்குவாள். வாயும் அதே காரம். ஆனால் அவள் எதிரே யாரும் எடுக்காத பெயர் ஒன்று உண்டு: தங்கை இர்மா.

ஆற்றுக்கு இந்தப் பக்கம் அக்கா, அந்தப் பக்கம் தங்கை. முப்பத்தைந்து வருஷம் ஒரே கோயிலில் பூசை கண்டார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. சந்தையில் எதிர்ப்பட்டால் ஒருத்தி முட்டைக்கோஸைப் பார்ப்பாள், இன்னொருத்தி வானத்தைப் பார்ப்பாள். 1966 பிப்ரவரியில் இர்மா இறந்தாள். லெயோன்டின் அடக்கத்துக்குப் போகவில்லை. அன்று மாவில் மூன்று தரம் உப்புப் போட்டுவிட்டாள். வாங்கிப்போனவர்கள் யாரும் குறை சொல்லவில்லை.

எல்லாம் ஒரு பதக்கத்தால் வந்த வினை. உள்ளங்கை அகல வெள்ளி இதயம், உச்சியில் கிரீடம், சுற்றிலும் நாற்பது பொடி வைரங்கள், நடுவில் பட்டாணி அளவில் ஒன்று. அப்பா வழிப் பாட்டிமார் அணிந்து வந்தது. அம்மா சாகும்போது அதை மூத்தவள் கையில் வைத்தாள். அதோடு முறிந்தது உறவு.

ஈஸ்டர் கழிந்ததும் பங்குச்சாமியார் கடைக்கு வந்தார். கோயிலில் ஊரார் வீட்டுப் பழம்பொருள்களைக் காட்சிக்கு வைக்கப்போகிறாராம்; அந்தப் பதக்கமும் வேண்டுமாம்.

"எந்தக் காலத்து நகைன்னு எழுதி வைக்கணுமே, லெயோன்டின்."

"எரநூறு வருஷம்னு போடுங்க சாமி. எங்கம்மா சொன்னதுதான்."

"உங்கம்மா சொர்க்கத்துல இருக்காங்க. பாக்க வர்றவன் என்னையில்ல கேப்பான்?"

அதனால் அவள் ரயிலேறி, வைர வேலைக்குப் பேர்போன ஆண்ட்வெர்ப் நகரத்துக்குப் போனாள். ஸ்டேஷனுக்குப் பின்தெருவில், இரண்டு மாடிக்கு மேலே ஃபோன்ஸ் கோலமன்ஸின் அறை. முப்பது வருஷம் சக்கரத்தில் வைரம் தேய்த்த மனிதர். இப்போது பழைய கற்களின் வயதைச் சொல்வதே வேலை. ஜன்னலோரம் லென்ஸைக் கண்ணில் சொருகிக்கொண்டு இதயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்தச் சின்னதுங்க எல்லாம் கெழவிங்கம்மா. ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இல்ல பாருங்க. ஒண்ணுக்குப் பட்டை கோணல், ஒண்ணு நொண்டி. கண்ண நம்பிக் கையால தேச்சது. நூத்தம்பது வருஷத்துக்குக் கொறையாது."

"நடுவுல உள்ளது?"

அவர் பதக்கத்தை இன்னொரு தரம் வெளிச்சத்தில் சாய்த்தார். "கழட்டிப் பாக்கலாமா?"

"கழட்டுறதா? எங்கம்மா கழுத்துல கெடந்ததுய்யா!"

"திரும்ப வச்சுக் குடுக்குறது என் பொறுப்பும்மா."

வெள்ளிக் கவ்வுகளைப் பல் பிடுங்குவதுபோல் நிதானமாக நெம்பினார். கல் வெளியே வந்தது. குப்புறப் போட்டுப் பார்த்தவர் லென்ஸை அவளிடம் நீட்டினார்.

"அடிப்பக்கம் சன்னமா, ஒரே சீரா கோடு ஓடுதா? மெஷின் ரம்பம் அறுத்த தடம். அந்தக் காலத்துல ஏது மெஷின்? தட்டிப் பொளப்பாங்க. இது இந்த நூத்தாண்டுக் கல்லு. அதுவும் மீன் செதில் மாதிரி மெலிசு. பாதிப் பளபளப்பு அடியில வச்ச தகட்டோடது."

"அப்ப கண்ணாடியா?"

"வைரந்தான். ஆனா இந்த வீட்டுல பொறந்தவ இல்ல, பின்னால வந்தவ. பழைய பெரிய கல்ல யாரோ எடுத்துட்டு இத வச்சிருக்காங்க. இருங்க..." காலிக் குழியைத் துணியால் துடைத்தார். உள்ளே ஊசியால் கீறிய இரண்டு எழுத்தும் சில எண்களும் தெரிந்தன. "வேலை செஞ்சவன் வச்ச அடையாளம். பதினொண்ணு, பதினேழு. 1917 நவம்பர்."

லெயோன்டின் அந்த மாதத்தை மறக்கவில்லை.

முதல் உலகப்போரில் ஊர் ஜெர்மன்காரன் பிடியில் இருந்த நவம்பர் அது. அவளுக்குப் பத்தொன்பது, இர்மாவுக்குப் பதினாலு. இர்மா டைபாய்டில் கிடந்தாள். முடியெல்லாம் உதிர்ந்து, கை விறகுக் குச்சிபோல் ஆகிவிட்டது. ஊரில் பால் கிடையாது. அம்மா ஒரு நாள் ஆண்ட்வெர்ப் போய் வந்தாள். மறுநாளிலிருந்து வீட்டுக்கு டாக்டர் வந்தார். முட்டை வந்தது, வெண்ணெய் வந்தது, எலும்புச் சூப்பு கொதித்தது. ஹாலந்திலிருந்து மாமா பணம் அனுப்பினார் என்றாள் அம்மா. அந்த மாமாவே கடன் கேட்டு எழுதுகிற ஆள் என்பது அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

"சாகுறப்போ எங்கம்மா தங்கச்சிகிட்ட ஒரே வார்த்தைதான் சொன்னாங்க," என்றாள் லெயோன்டின். "'நீ உன் பங்க வாங்கிட்டே இர்மா'ன்னு. அவ, 'எனக்கு என்ன குடுத்தே?'ன்னு கத்தினா. பக்கத்துலயே எங்கப்பா உக்காந்திருந்தாரு. அவரு வீட்டு நகை. கல்ல வித்தத அவரு முன்னால எப்படிச் சொல்லுவாங்க? இர்மா எந்திரிச்சுப் போனவதான்..."

மீதியை அவள் அவரிடம் சொல்லவில்லை. அம்மாவுக்குத் தன் மேல்தான் அதிகப் பாசம் என்று முப்பத்தைந்து வருஷம் நெஞ்சை நிமிர்த்தி நடந்திருந்தாள்.

"அந்தப் பெரிய கல்லு எங்க போச்சோ," என்றார் ஃபோன்ஸ். "வெட்டித் துண்டு போட்டிருப்பாங்க."

"எங்கயும் போகலய்யா. போன பிப்ரவரி வரைக்கும் ஆத்துக்கு அந்தப் பக்கம் நடந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு."

ஊர் திரும்பியவள் வீட்டுக்குப் போகாமல் நேரே பாலத்தைக் கடந்தாள். இர்மாவின் மகள் கோடலீவ் கதவைத் திறந்தாள். பெரியம்மாவை வாசலில் பார்த்ததும் அவள் முகம் இறுகியது. நின்றபடியே லெயோன்டின் எல்லாவற்றையும் சொன்னாள். இதயத்தை நீட்டினாள்.

"இது உனக்குச் சேர வேண்டியது, கண்ணு."

கோடலீவ் கையை நீட்டவில்லை. "கடைசி வாரம்கூட, 'எங்கம்மாவுக்கு நான் என்னதான் செஞ்சேன்'னு கேட்டுக்கிட்டே கெடந்தாங்க. இத இப்ப யார்கிட்டப் போய்ச் சொல்லுறது, பெரியம்மா?" பிறகு, "அடக்கத்துக்காவது வந்திருக்கலாம்," என்றாள்.

ஆனால் கோடலீவ் கதவைச் சாத்தவில்லை.

அதன்பின் லெயோன்டின் மூன்று வருஷம் உயிரோடு இருந்தாள். ஞாயிறு பூசை முடிந்ததும் கல்லறைக்குப் போய்விட்டுத் தங்கை வீட்டுக்கு வருவாள். கோடலீவ் காப்பி கொடுப்பாள். பேச்சு அதிகம் இராது. ஒரு நாள் மட்டும், லெயோன்டின் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்:

"உங்கம்மா எப்படிச் சிரிப்பா?"

கோடலீவ் நிமிர்ந்து பார்த்தாள். பெரியம்மா விளையாட்டுக்குக் கேட்கவில்லை. எவ்வளவு யோசித்தும் தங்கையின் சிரிப்பு லெயோன்டினுக்கு நினைவுக்கு வரவில்லை.