பழைய வேட்டிக்கு ஒரு பில்

"அக்கா, உங்க பாக்ஸ் அமெரிக்கால ஹோல்டுல இருக்கு. வேட்டிக்கு பில் கேக்குறாங்க."

சென்னை ஹப்பிலிருந்து கார்த்திக் போனில் சொன்னான். கொடைக்கானல் கூரியர் கவுன்ட்டரில் உட்கார்ந்து இதே வாக்கியத்தை எத்தனையோ பேருக்கு நான் சொல்லியிருக்கிறேன். எனக்கு ஒருவர் சொல்லிக் கேட்டது அன்றுதான்.

1. கவுன்ட்டர் வழக்கம்

முன்பெல்லாம் அமெரிக்காவுக்குப் போகும் சின்னப் பார்சல்களுக்கு அங்கே வரி இல்லை. வரம்பு தாராளமானது; வடகவுஞ்சி சரசு அக்கா மருமகளுக்கு அனுப்பும் பட்டுப்புடவை அதன் பக்கத்தில்கூடப் போகாது. ஆனாலும் வரி என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் கைக்கு ஒரு பழக்கம். உள்ளே இருப்பதைச் சொல்லும் டிக்ளரேஷன் படிவத்தில் 'பழைய துணி, கிஃப்ட்' என்று எழுதிவிடுவோம். கஸ்டமர் கேட்கக்கூட வேண்டாம்.

பிறகு அந்தச் சலுகையை எடுத்துவிட்டார்கள். எவ்வளவு சின்னப் பெட்டியானாலும் என்ன துணி, எங்கே நெய்தது, என்ன விலை என்று எல்லாம் சொல்ல வேண்டும். உண்மையான பரிசுக்கு மட்டும் ஒரு சின்ன விலக்கு உண்டு என்றார்கள். எது உண்மையான பரிசு என்று எப்படிக் கண்டுபிடிப்பார்களோ என்று கவுன்ட்டரில் சிரித்துக்கொண்டோம்.

2. என் பெட்டி

என் மகள் ஷீபாவுக்கு அங்கே தலைப்பிரசவம். பிறந்த பிள்ளையை எங்கள் பக்கத்தில் புதுத்துணியில் போடுவதில்லை. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய வேட்டியில்தான் முதலில் கிடத்துவோம்.

"அப்பா வேட்டிய அனுப்பும்மா. இங்க எல்லாம் மொடமொடன்னு இருக்கு" என்றாள். பிரஷர் ஏறியிருக்கிறது, முன்கூட்டியே பிரசவம் ஆகலாம் என்று டாக்டர் சொன்னதையும் அதே மூச்சில் சொன்னாள். அன்றோடு என் தூக்கம் போயிற்று.

வேட்டியை வெந்நீரில் அலசி, மூடுபனிக்கு நடுவே வெயிலைத் தேடித் தேடிக் காயவைத்தேன். டிக்ளரேஷனில் 'பழைய வேட்டி, கிஃப்ட்' என்று எழுதினேன். என் சர்வீஸிலேயே பெட்டிக்குள் இருந்ததும் மேலே எழுதியதும் அவ்வளவு பொருத்தமாக இருந்ததில்லை.

அதற்குத்தான் பில் கேட்டார்கள்.

ஜீப் ஓட்டும் என் வீட்டுக்காரர் கொதித்தார். "கட்டிக் கட்டி இத்துப்போன வேட்டிக்கு எவன் பில் வச்சிருப்பான்?"

பதற்றத்தில் எனக்கு ஒரே வழிதான் தோன்றியது. பஜாருக்கு ஓடிப் புது வேட்டி ஒன்று வாங்கி, அந்த பில்லை அனுப்பினேன். வெரசா விட்டுவிடுவார்கள் என்று நம்பினேன்.

கார்த்திக் மறுபடி கூப்பிட்டான். "பில் புது வேட்டிக்கு, டிக்ளரேஷன்ல எழுதியிருக்கறது பழசு. மேட்ச் ஆகலைன்னு திருப்பி அனுப்புறாங்க. நெஜமா என்னதான்கா அனுப்புனீங்க?"

"பழைய வேட்டிதாம்ப்பா."

"அக்கா, என்கிட்டயுமா?"

3. துண்டு

பெட்டி திரும்பிக்கொண்டிருக்கும்போதே ஷீபாவுக்கு வலி வந்துவிட்டது. மருமகன் போன் எடுக்கவில்லை. அந்தக் காலைப்பொழுதில் கவுன்ட்டரில் யாருக்கு என்ன புக் செய்தேன் என்று இன்றுவரை நினைவில்லை.

கடைசியில் அவளே கூப்பிட்டாள். பெண் குழந்தை. எடை குறைவு, ஆனால் இருவரும் நலம். அழுது முடித்ததும் நான் கேட்ட முதல் கேள்வி: "பிள்ளைய எதுல போட்டாங்க?"

"ஆஸ்பத்திரித் துண்டுலதாம்மா. எத்தன பிள்ளைக்குப் போட்டுத் துவைச்சதோ, அப்பா வேட்டியவிட மெத்துன்னு இருக்கு."

பக்கத்திலிருந்து என் வீட்டுக்காரர் சொன்னார்: "அதுக்கு பில் இருக்கான்னு கேளு."

பெட்டி திரும்பி வந்தது. அவர் இப்போது புது வேட்டி கட்டுகிறார்.

போன வாரம் சரசு அக்கா பட்டுப்புடவையோடு வந்தார். நான் 'புதிய பட்டுப்புடவை' என்று எழுதி, விலையைக் கேட்டேன்.

"ஏந்தங்கச்சி, பழைய துணின்னு போடச் சொல்லிக் குடுத்ததே நீதான?"

"ஆமாக்கா. அதான் எங்க வீட்டுப் பழசை எவனும் நம்பல."