இதே உரலில்

லிங்கநகர் வீட்டுக் குசினியில் மிளகைக் கொரகொரப்பாக இடிக்கிறேன். தும்மல் வருகிறது, கூடவே நெடுஞ்சாலைச் சந்தியில் நாங்கள் நடத்திய சாப்பாட்டுக்கடையும் நினைவுக்கு வருகிறது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. கடைக்கு முன்னால் ஒருவன் லொறிச் சாரதியைக் குத்திப் பணத்தைப் பறித்ததை நாங்கள் கண்டோம். பொலிசுக்குப் போக அப்பாவுக்குத் துணிவில்லை. அடுத்த நாள் அவனே சாப்பிட வந்தான்.

“வராதையெண்டு சொல்ல ஏலாது. உறைப்பில தானா ஓடட்டும்,” என்று அம்மா இறைச்சிக்கறியில் மிளகை அள்ளிப் போட்டார்.

அவன் மூக்கைத் துடைத்துத் துடைத்துச் சோற்றுக் கோப்பையை வழித்துச் சாப்பிட்டான்.

“அக்கா, இப்பிடிக் கறி நான் எங்கயும் சாப்பிடேல்லை. நாளைக்குப் பெடியங்களையும் கூட்டிக்கொண்டு வாறன்.”

அப்பா அவனுக்குக் கை கழுவத் தண்ணீர் வார்த்தார். மறுநாள் அம்மா ஐந்து பேருக்கு மிளகு இடித்தார், இதே உரலில்.