ஒய் பட்டன் இல்லாத கீபோர்டு

அவளுடைய லேப்டாப்பில் ‘ஒய்’ எழுத்துக்கான பட்டன் கிடையாது. பதினாறு வருடத்தில் மூன்று லேப்டாப் மாறிவிட்டது. எது புதிதாக வந்தாலும் முதல் வேலையாக அந்த ஒரு பட்டனை மட்டும் நெம்பி எடுத்து மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் போட்டுவிடுவாள். அந்த எழுத்து வேண்டுமென்றால் பள்ளத்துக்குள் பேனா முனையால் குத்த வேண்டும். “பேனாவைத் தேடி எடுக்கிறதுக்குள்ள புத்தி வந்துடும்” என்பாள்.

கம்ப்யூட்டர் ‘செய்யட்டுமா?’ என்று கேட்டால் ஆமாம் சொல்ல அந்த எழுத்தைத்தான் தட்ட வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் ஒருமுறை யோசிக்காமல் தட்டினாள். அக்காவின் ஐந்து வருட ஆராய்ச்சி கண்மூடித் திறப்பதற்குள் அழிந்துபோனது. அக்கா இரண்டு வருடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அன்றிலிருந்து யார் சர்வர் கெட்டுப்போய்க் கூப்பிட்டாலும் அவள் வாயில் வரும் முதல் வார்த்தை ‘பொறுங்க’தான். போகிற இடத்திலெல்லாம் பொறுங்க மேடம் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

அன்று காலை அவளைக் கூப்பிட்டது ஒரு குரல் பதிவு நிலையம். நோயால் குரல்வளையை எடுக்க வேண்டியவர்கள், அறுவைச் சிகிச்சைக்கு முன்னால் அங்கே போய்க் கண்ணாடி அறையில் உட்கார்ந்து ஆயிரக்கணக்கான வாக்கியங்களைப் படித்துப் பதிவு செய்வார்கள். பிறகு அவர்கள் கீபோர்டில் தட்டுவதை அவர்கள் குரலிலேயே பேசும் கருவி ஒன்றை அந்தப் பதிவுகளை வைத்துச் செய்து கொடுப்பார்கள்.

அவள் போனபோது அறையில் மூன்று பேர் இருந்தார்கள். வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தவர் நிலையத்து டெக்னீஷியன். கழுத்தில் கட்டோடு, மடியில் எழுதும் பலகையோடு இருந்தவர் ஒரு கணக்கு டீச்சர். குரல்வளையை எடுத்துப் பன்னிரண்டு நாள்தான் ஆகிறது. திறந்திருந்த கதவுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் அவர் கணவர்.

“போன வாரம் ஸ்டோரேஜ் பெட்டியை மாத்தினோம் மேடம்” என்றார் டெக்னீஷியன். “பழைய டிஸ்க்கை அப்படியே புதுசுக்கு காப்பி பண்ணோம். அளவு ஒரு பைட் பிசகலை. அதனால பழசை அழிச்சுத் திருப்பி அனுப்பிட்டோம். இப்ப புதுசுல ஒரு பதிவும் தெரியலை.”

“ஒரு பதிவையாவது திறந்து கேட்டீங்களா?”

“அளவு சரியா இருந்ததால கேக்கலை மேடம்.”

“சரி, இன்னொரு காப்பி?”

“இருந்துச்சு மேடம். அதே பழைய பெட்டியில, கீழ்த்தட்டுல.”

மேல்தட்டும் கீழ்த்தட்டும் ஒரே வண்டியில் ஏறிப் போயிருக்கின்றன. அந்த அழகுக்கு என்ன சொல்லி என்ன ஆகப்போகிறது?

புதிய பெட்டியிலிருந்து நெட்வொர்க் வழியாக வரும் அந்த டிஸ்க், நிலையத்து லினக்ஸ் கம்ப்யூட்டரில் முழு அளவோடு தெரிந்தது. உள்ளே ஒரு பார்ட்டிஷன்கூட இல்லை. பெரிய டிஸ்க்கைப் பார்ட்டிஷன் என்று அறை அறையாகத் தடுத்திருப்பார்கள். எந்த அறை எங்கே தொடங்குகிறது என்ற பட்டியல் வாசலுக்குப் பக்கத்திலேயே இருக்கும். அது கண்ணில் படாவிட்டால் லினக்ஸுக்கு அத்தனையும் வெறும் பொட்டல்தான்.

“புதுப் பட்டியல் எழுதட்டுமான்னு கேக்குது மேடம். சரின்னு குடுத்துப் பாக்கலாமா?”

“பொறுங்க. முதல்ல கையை எடுங்க.”

டீச்சர் பலகையில் எழுதித் திருப்பிக் காட்டினார். எழுத்து முத்து முத்தாக இருந்தது: ‘என் குரல் இரண்டாவது தடவையும் போச்சா?’

“தெரியலை டீச்சர். பார்த்துட்டுச் சொல்றேன்” என்றாள். பொய் சொல்லி ஆறுதல் தருவது அவளுக்கு வராது.

எதையும் எழுதாமல், டிஸ்க்கின் முதல் சில ஆயிரம் பைட்டுகளை மட்டும் படித்துத் திரையில் விரித்தாள். பூஜ்யம், பூஜ்யம், மறுபடி பூஜ்யம். விரலை வைத்து வரி வரியாக இறங்கினாள். ஐந்நூற்றுப் பன்னிரண்டாவது பைட்டில் விரல் நின்றது. இப்படிப்பட்ட எல்லாப் பட்டியலும் தொடங்குகிற அந்த எட்டு எழுத்துகள் அங்கே இருந்தன. உடம்பு சிலிர்த்துவிட்டது அவளுக்கு. எல்லாரும் கைகழுவிவிட்ட பிறகும், யாரும் பார்க்காமல், வைத்த இடத்திலேயே பட்டியல் இருந்திருக்கிறது.

பிறகு ஏன் தெரியவில்லை? பட்டியல் வாசலிலிருந்து ஓர் அடி தள்ளி இருக்கும் என்பது விதி. பழைய பெட்டிக்கு ஓர் அடி என்றால் ஐந்நூற்றுப் பன்னிரண்டு பைட். புதிய பெட்டியை நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு என்று அமைத்திருந்தார்கள். லினக்ஸ் விதிப்படி ஓர் அடிதான் எடுத்து வைத்தது. அது பட்டியலைத் தாண்டிப் போய் நின்று, இங்கே ஒன்றுமில்லை என்று கையை விரித்துவிட்டது.

இணைப்பைத் துண்டித்துவிட்டு, புதிய பெட்டியின் அமைப்பில் அந்த ஓர் எண்ணை மட்டும் பழையபடி மாற்றினாள். ‘மாற்றட்டுமா?’ என்று கேட்டது. டிஸ்க்கில் எதையும் எழுதாது, அளக்கிற அடியைத்தான் மாற்றும் என்று மூன்று தடவை படித்து உறுதி செய்துகொண்டாள். பேனாவைத் தேடினால் காணோம். டீச்சர் தன் பலகைப் பேனாவை நீட்டினார். அதை வாங்கிப் பள்ளத்துக்குள் குத்தினாள்.

மறுபடி இணைத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு பார்ட்டிஷன்கள். மூன்றாவதற்குள் நூற்று நாற்பது பேரின் குரல். அவர்களில் சிலர் இன்று உயிரோடு இல்லை. பதினாறு வருடமாக இதே வேலைதான், ஆனாலும் அவள் கைகள் தாமாகவே குவிந்தன.

“கேக்கலாமா டீச்சர்?”

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு தலையசைத்தார். அவர் பெயரில் இருந்த முதல் பதிவைத் திறந்தாள். காகிதம் புரளும் சத்தம் கேட்டது. அப்புறம், வகுப்பின் கடைசி பெஞ்சு வரைக்கும் எட்டுகிற கணீரென்ற குரல்:

“ஏங்க, பதிவு ஆரம்பிச்சாச்சு போல. அந்தக் கதவை மூடுங்க, சத்தம் உள்ள வருது.”

கணவர் சட்டென்று எழுந்து கதவை மூடினார்.