குரங்குப் படத்துக்குக் கீழே இரண்டு ‘வா’

டெல்லியில் லோதி ரோடு பக்கத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் பள்ளி ஒன்றில் நான் நான்காம் வகுப்பு ஆசிரியை. இணையத்தில் எப்படி நடந்துகொள்வது என்று பிள்ளைகளுக்குக் கற்றுத்தருவதும் என் பொறுப்புதான். இந்த விஷயத்தில் எனக்குத் தன்னடக்கமெல்லாம் கிடையாது, நன்றாகவே கற்றுத்தருவேன். பாஸ்வேர்டை உயிர்த்தோழிக்கும் சொல்லாதே. அடுத்தவர் போட்டோவைக் கேட்காமல் போடாதே. பயமுறுத்துகிற மாதிரி ஏதாவது வந்தால் பதில் எழுதாதே, அழிக்காதே, பெரியவர்களிடம் காட்டு. என் பிள்ளைகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். அவர்களுடைய அப்பாக்கள்தான் கண்ட வதந்தியையும் குடும்பக் குழுவில் தள்ளிவிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

வகுப்புக்கென்று இணையத்தில் ஒரு பலகை வைத்திருந்தேன். பிள்ளைகள் வீட்டிலிருந்து படம் போடலாம், மற்றவர்கள் அதற்குக் கீழே எழுதலாம். வெளியாள் யாரும் உள்ளே வர முடியாது. ஒரே ஒரு கண்டிஷன், தமிழ் எழுத்தில்தான் எழுத வேண்டும். டெல்லியில் பிறந்த பிள்ளைகளுக்கு அது வேப்பங்காய். ஆங்கில எழுத்தில் தட்டுவார்கள், போன் அதைத் தமிழாக்கிக் கொடுக்கும், சரியாக வந்திருக்கிறதா என்று படித்துக்கூடப் பார்க்காமல் அனுப்பிவிடுவார்கள்.

அந்த வருடம் மதுரையிலிருந்து ஒரு சிறுமி வந்து சேர்ந்தாள். அப்பாவுக்கு மத்திய அரசு வேலையில் மாற்றல், ஆர்.கே.புரத்தில் குவார்ட்டர்ஸ். அவளுக்கு ஹிந்தி சுத்தமாகத் தெரியாது. இடைவேளையில் மற்றவர்கள் ஹிந்திக்குத் தாவியதும் இவள் சுவரோரம் போய் நின்றுவிடுவாள். வகுப்பிலும் வாயே திறந்ததில்லை. ஆனால் பலகையில் அவள் பெரிய வாயாடி. யார் எந்தப் படம் போட்டாலும் கீழே அவளுடைய கிண்டல் ஒன்று இருக்கும். இந்த ஊரில் அவள் பேசிய ஒரே இடம் அதுதான்.

ஒருநாள் தன் வீட்டு ஏர்கூலர் மேல் உட்கார்ந்திருந்த குரங்கை வரைந்து போட்டாள். அருமையான குரங்கு. மறுநாள் காலை அவள் அம்மா போனும் கையுமாக பிரின்சிபல் அறைக்கு வந்துவிட்டார். என்னையும் கூப்பிட்டார்கள். குரங்குக்குக் கீழே, கோல் மார்க்கெட்டிலிருந்து வரும் என் மாணவி ஒருத்தி “வா வா” என்று எழுதியிருந்தாள். பக்கத்தில் மூடிய முஷ்டி எமோஜி ஒன்று.

“என்ன டீச்சர் இது? எம்பிள்ளயக் குரங்குன்னு கூப்புடுறாளா, இல்ல சண்டைக்குக் கூப்புடுறாளா? ஸ்கூலுக்கே வரமாட்டேன்னு அழுகுது. இழுத்துட்டு வந்துருக்கேன்.”

“எதுக்கு வம்பு? அந்தப் பலகையை இன்னிக்கே மூடிடுங்க” என்றார் பிரின்சிபல்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதா? பலகை போனால் அந்தப் பெண்ணுக்கு மறுபடி சுவர்தான் கதி. “ஒரு பீரியட் டைம் குடுங்க மேம்” என்று கேட்டேன். கோபத்துக்கு நடுவிலும் எனக்கு உள்ளூரப் பெருமை. அவள் பதில் எழுதவில்லை, அழிக்கவில்லை, அம்மாவிடம் காட்டியிருக்கிறாள். நான் சொன்னதை அப்படியே செய்திருக்கிறாள்.

அம்மாவை வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்காரவைத்து, பலகையை வகுப்புத் திரையில் போட்டேன். ஏன் எழுதினாய் என்று கோல் மார்க்கெட்காரியை நான் கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் எந்தக் குழந்தையும் அழத்தான் செய்யும்.

“நீ எழுதினதை வாய்விட்டுப் படி.”

அவள் எழுந்தாள். திரையைப் பார்த்தாள். கையை விரித்து, தலையை ஆட்டி, கச்சேரியில் ரசிப்பவள் போல, “வாஹ்! வாஹ்!” என்றாள்.

வகுப்பு கொல்லென்று சிரித்தது.

“அச்சா இருக்குன்னுதானே மேம் எழுதினேன்? தாரீஃப்தானே பண்ணேன்!” பாராட்டத்தான் ‘வாஹ்’ என்று தட்டியிருக்கிறாள், போன் அதை ‘வா’ ஆக்கிவிட்டது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“சரி, முஷ்டி எதுக்கு?”

அவள் நேராக மதுரைச் சிறுமியின் இடத்துக்குப் போய், முகத்துக்கு முன்னால் முஷ்டியை நீட்டினாள். இங்கே பிள்ளைகள் காலையில் பார்த்ததும் முஷ்டியோடு முஷ்டி இடித்துக்கொள்வார்கள். “ஐஸே. ஃப்ரெண்ட்ஸ் இப்படித்தானே பண்ணுவாங்க?”

மதுரைச் சிறுமி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, எல்லோர் காதிலும் விழும்படி, “எங்கூர்ல இப்பிடிக் கையக் காட்டுனா அடி விழும்” என்றாள்.

என் வகுப்பில் அவள் வாயிலிருந்து வந்த முதல் வாக்கியம் அது. கடைசி பெஞ்சில் அவள் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். மகளும் முஷ்டியை மெல்ல நீட்டி இடித்தாள். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிப் புதிதாக ஒரு விதி எழுதினேன்: புரியாவிட்டால், எழுதியவரையே கேள்.

பலகையை மூடவில்லை. அம்மாவே பிரின்சிபலிடம் போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

சில நாள் கழித்து, மெட்ரோவில் வீட்டுக்குத் திரும்பும்போது போனில் பலகையைத் திறந்தேன். கோல் மார்க்கெட்காரி ஒரு பூனையை வரைந்து போட்டிருந்தாள். அதற்குக் கீழே மதுரைக்காரி “வா வா” என்று எழுதியிருந்தாள்.

உடனே அடுத்த வரி வந்தது: “எந்த வா?”

நான் இறங்கவேண்டிய ஸ்டேஷன் வந்துவிட்டது. இறங்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ரெண்டும்தான். ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா, குரங்கு காட்டுறேன்.”