சிவப்பு நூல் கட்டிய குடம்

சிவகாசியில் ஓர் அச்சுக் கம்பெனியில், கழிவுத் தண்ணீரைக் குடிதண்ணீராக்குவதுதான் இரண்டாயிரங்களின் பின்பாதியில் என் உத்தியோகம். மெஷின் வாங்க வெளிநாடு போன முதலாளி, அங்கே சாக்கடைத் தண்ணீரைச் சுத்தம் செய்து பாட்டிலில் அடைத்துக் கொடுக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்தார். வந்த கையோடு பிளாண்ட் போட்டார். மை கழுவிய தண்ணீர் தனியே போய்விடும். கேன்டீன், குளியலறை, கக்கூஸ் மூன்றின் தண்ணீரும் என்னிடம் வரும்.

கடைசிக் குழாயில் விழும் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். மதுரைக்கு அனுப்பிச் சோதித்த ரிப்போர்ட்டைக் குழாய்க்கு மேலேயே ஒட்டி வைப்பேன். ஈ காக்கை அந்தப் பக்கம் வராது. எல்லோரும் ஒயர்கூடையில் வீட்டுத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அதுவும் எந்தக் கிணற்றில் எடுத்ததென்று தெரியாத லாரித் தண்ணீர்தான். தூசி மிதந்தால் விரலால் எடுத்துப் போட்டுவிட்டுக் குடிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“எம்புட்டுச் சுத்தம் பண்ணாலும், எங்கன இருந்து வந்துச்சுன்னு மனசுக்குத் தெரியுமில்ல அண்ணே” என்றார் பைண்டிங்கில் வேலை பார்த்த பெண்மணி.

மனசுக்கு எந்த ரிப்போர்ட்டை ஒட்டுவது?

ஆமத்தூரில் என் வீட்டிலும் இதே கதைதான். ஊரைக் குடிக்கச் சொல்லிவிட்டு நான் குடிக்காமல் இருந்தால் நியாயமில்லை என்று, தினமும் ஒரு கேன் கொண்டுபோவேன். மனைவி அதற்கென ஒரு குடத்தை ஒதுக்கி, யாரும் கை தவறி மோந்துவிடக் கூடாதென்று கழுத்தில் சிவப்பு நூல் கட்டிவிட்டாள். மகள் அந்தக் குடத்தைக் கடக்கும்போது துப்பட்டாவை ஒதுக்கிக்கொள்வாள். மாதம் ஒரு தடவையாவது, “ஒரு வாய் குடிச்சுப் பாரேன் தாயி” என்பேன். “நீங்களே குடிங்கப்பா” என்பாள்.

அவளைப் பெண் பார்க்கச் சாத்தூர் பக்கத்திலிருந்து வந்தார்கள். பையனின் போட்டோவை அவளே இரண்டு முறை கேட்டு வாங்கிப் பார்த்திருந்தாள். இந்த இடம் அமைய வேண்டுமென்று இருக்கன்குடி மாரியம்மனுக்கு மனைவி வேண்டிக்கொண்டிருந்தாள். காலையிலேயே என்னை எச்சரித்தும் வைத்தாள்.

“இன்னைக்கு ஒரு நாளாச்சும் உங்க தண்ணிப் புராணத்த ஆரம்பிக்காதீக.”

எங்கள் பக்கத்தில் வந்தவர்கள் கைக்கு முதலில் தண்ணீர்ச் செம்புதான் போகும். அதை வாங்கிக் குடித்தால்தான் மேற்கொண்டு பேச்சு. குடிக்காமல் எழுந்தால் சம்பந்தம் வேண்டாம் என்று அர்த்தம், வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை. அன்று செம்பை வாங்கிய பையனின் தாய்மாமன் அதற்குள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு கீழே வைத்தார்.

“நீங்க அந்தக் கம்பெனில தண்ணி பாக்கிறவுகதான? இது அந்தத் தண்ணியோ?”

மனைவி என்னைப் பார்த்தாள். கதவோரம் நின்ற மகள் தலை நிமிரவில்லை.

“இல்லைங்க, அத இங்கன யார் குடிப்பா? இது லாரித் தண்ணி” என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. அண்ணாந்து குடித்தார். செம்பு பையனின் அப்பாவிடம் போனது. சம்பந்தம் அநேகமாக முடிந்த மாதிரிதான். எனக்கு மட்டும் கூசியது, தலையைக் குனிந்துகொண்டேன். தினமும் நான் குடிக்கும் தண்ணீரை என் வாயாலேயே கேவலப்படுத்திவிட்டேன்.

மகள் உள்ளே போனாள். குடத்தில் டம்ளர் மோதும் சத்தம் கேட்டது. டம்ளரோடு கூடத்தின் நடுவில் வந்து நின்றாள்.

“அது லாரித் தண்ணி. இதுதான் எங்கப்பா தண்ணி. நாங்க குடிப்போம்” என்றவள், ஒரே மடக்கில் குடித்து முடித்தாள்.

மனைவி தூணைப் பிடித்துக்கொண்டாள். தாய்மாமன் தன் தங்கையைப் பார்த்தார். பையனின் அம்மா பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்ப்பவர். உள்ளங்கை ரேகைகளில் அலுமினியப் பவுடர் மினுங்கியது. அந்தக் கையை நீட்டினார்.

“எனக்கும் கொஞ்சம் கொண்டா தாயி.”

மகள் மோந்து வந்து கொடுத்தாள். இரண்டு வாய் குடித்துவிட்டு நிதானமாகச் சொன்னார்:

“உப்பே இல்லாம சப்புன்னு இருக்கு அண்ணே. மத்தபடி தண்ணிதான். எப்பப் பூ வைக்கலாம்னு பேசுங்க.”

அவர்கள் கிளம்பிப் போனதும் மகளைக் கூப்பிட்டேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இத்தனை நாள் நான் ஒட்டிய ரிப்போர்ட்டெல்லாம் கடைசியில் பெற்ற பிள்ளையிடமாவது பலித்துவிட்டதே என்றிருந்தது.

“எப்படித் தாயி இருந்துச்சு?”

“யாருக்குத் தெரியும்? மூச்சப் பிடிச்சுக்கிட்டுக் குடிச்சேன்” என்றாள். “நீங்க அப்படிச் சொல்லிட்டுத் தலயக் குனிஞ்சீகல்ல, அதப் பாக்க முடியலப்பா.”

சொல்லிவிட்டுப் புறக்கடைக்குப் போய் லாரித் தண்ணீரில் வாய் கொப்பளித்தாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.