விசிறியைக் கழற்றலாமா

அறுபதுகளின் கடைசியில் தென்னேரி ஏரியில் மீன்குஞ்சு விடுவதற்கென்று ஒரு மோட்டார் படகு இருந்தது. அதை ஓட்டுவது என் வேலை. வீடு காஞ்சிபுரத்தில். காலை பஸ்ஸில் போவேன், சாயங்காலம் திரும்புவேன். ஏரிக்கரையில் ஓர் அறைதான் அலுவலகம். அதில் ஒரே அதிகாரி.

அந்தக் கோடையில் தண்ணீர் இறங்கியபோது படகு ஒரு நாள் எதன்மேலோ மோதியது. 'டக்'கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். எட்டிப் பார்த்தேன். படகின் அடியில் சுழலும் வெண்கல விசிறியின் மூன்று இதழ்களும் பளபளவென்று நன்றாகவே இருந்தன. அதிகாரியிடம் சொன்னேன்.

"ஓடுதில்ல?"

"ஓடுது சார்."

"அப்புறம் என்னப்பா? ஓட்டு."

ஓட்டினேன். ஆனால் சுக்கான் முன்போல இல்லை, கைக்குள் நடுங்கிக்கொண்டே இருந்தது. அக்கரை போய்ச் சேர்வதற்குள் உள்ளங்கை மரத்துப்போகும். எஞ்சின் அதிகமாகக் கத்தியது, படகு மெதுவாகப் போனது. மீன்குஞ்சு டின்களின் பாரம் என்று நினைத்து ஒரு மத்தியானம் காலிப் படகை ஓட்டிப் பார்த்தேன். அப்போதும் அதே நடுக்கம். விசிறிக்குப் பின்னால் கையைவிட்டுத் துழாவினேன். அறுந்த நைலான் வலை ஒரு கொத்து சுற்றிக்கொண்டிருந்தது. இதுதான் விஷயம் என்று சந்தோஷமாக அறுத்தெறிந்துவிட்டு மறுபடி ஓட்டினேன். நடுக்கம் போகவில்லை.

அடுத்த வாரம் மீன்குஞ்சு வந்தது. தகர டின்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். வழக்கமாக வெயில் ஏறுமுன் அக்கரை சேர்ந்துவிடுவேன். அன்று நடு ஏரியிலேயே உச்சிவெயில் பிடித்துக்கொண்டது. டின் தண்ணீர் சூடேறியது. மூடியைத் திறந்தால் குஞ்சுகள் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. எல்லாம் இல்லை, ஒரு டின்னில் பாதி இருக்கும். நான் சும்மா ஓட்டிக்கொண்டிருந்ததால்தானே இது!

மறுநாள் யாரையும் கேட்காமல் விசிறியைக் கழற்றினேன். ஈரம் சொட்ட அதை அதிகாரியின் மேஜைக் கண்ணாடிமேல் கவிழ்த்து வைத்தேன். அவர் அவசர அவசரமாகக் காகிதங்களை எடுத்துக்கொண்டார்.

"சார், இந்தக் குச்சியைப் பாருங்க."

ஓர் இதழின் முனை மேஜையிலிருந்து எவ்வளவு உயரமோ அந்த அளவுக்கு ஒரு துடைப்பக் குச்சியை உடைத்து வைத்திருந்தேன். முதல் இதழுக்குச் சரியாக நின்றது. இரண்டாவதுக்கும் நின்றது. மூன்றாவதன் கீழ் அரை விரல் இடைவெளி; மோதியதில் அது வளைந்திருந்தது. அவர் குச்சியை வாங்கி, நாற்காலியைவிட்டு இறங்கி, கண்ணை மேஜை மட்டத்துக்கு வைத்து, தானே மூன்று முறை அளந்தார்.

"பார்வைக்கு ஒண்ணுமே தெரியலியேப்பா!" என்றார். பிறகு, "எடுத்துக்கிட்டுப் போய்ச் சரி பண்ணு" என்றார்.

சென்னைக்கு அனுப்ப வேண்டுமோ என்று வீட்டில் புலம்பினேன். தறியில் இருந்த என் மனைவி எழுந்து வந்து விசிறியைத் தடவிப் பார்த்தாள்.

"மெட்ராஸ் இன்னாத்துக்கு? எனக்குக் குடம் நசுங்கினா ஒடுக்கு எடுத்துத் தர பாய் இருக்காரே, அவரைக் கேக்கலாம் வாங்க."

பாத்திரக் கடை பாய் முதலில் தொடவே இல்லை. "இது இன்னா, ஃபேனா?" என்றார். சொன்னேன். அப்புறம்தான் கையில் எடுத்தார்.

"தண்ணிய எந்தப் பக்கம் தள்ளும் தம்பி?"

காட்டினேன். அந்தக் கேள்வியைக் கேட்டதுமே எனக்குப் பாதி பயம் போய்விட்டது.

"நெருப்புல காட்டலாமா பாய்?"

"வேணாம். சூடு பட்டா மத்த ரெண்டும் முறுக்கிக்கும். அப்புறம் நீ என்னைத் திட்டிக்கினு இருப்பே."

மணல் மூட்டைமேல் வைத்து, மரச் சுத்தியால் மெல்லத் தட்டினார். நாலு தட்டு, தரைக் கல்லில் வைத்து ஒரு அளவு. மறுபடி நாலு தட்டு. குச்சியைப் பிடித்துப் பார்த்தவள் என் மனைவி. "இன்னும் கொஞ்சம் பாய்", "ஐயோ, போதும் போதும்" என்று அவளேதான் சொன்னாள். நான் டீ வாங்கி வந்தேன்.

மறுநாள் மாட்டி ஓட்டினேன். படகு அதிகம் சத்தம் போடாமல் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனது. சுக்கானில் என் கை லேசாக இருந்தது. கரையில் நின்ற அதிகாரி, தானே ரிப்பேர் செய்ததுபோல வலைக்காரர்களிடம் கையை ஆட்டி ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு, கை மரத்துப்போகிறது என்று நான் சொன்னால் போதும், அவர் வேறெதுவும் கேட்பதில்லை.

வந்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய அனுமதியோடு மனைவியை அழைத்துப் போய்ப் படகில் உட்காரவைத்தேன். முதலில் பலகையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். அக்கரை நெருங்கும்போது ஒரு கையை எடுத்துத் தண்ணீரில் விட்டுக்கொண்டாள். திரும்பிக் கரைக்கு வந்து எஞ்சினை அணைக்கப் போனேன்.

"அதுக்குள்ள நிறுத்துறீங்களா? இன்னொரு சுத்து போலாங்க" என்றாள்.