இடப்பக்கத்துப் பெட்டிகள்

தொண்ணூறுகளின் கடைசியில் செக்காலை ரோட்டில் ஒரு போட்டோ ஸ்டுடியோவின் பின்னறையில் எனக்கு வேலை. ஒரே ஒரு கம்ப்யூட்டர், அதற்கு இரண்டு பேர். காலை ஒன்பதிலிருந்து மதியம் இரண்டு வரை நான். இரண்டிலிருந்து இரவு எட்டு வரை இன்னொருவர். அவரை மதியத்துக்காரர் என்றே சொல்லிக்கொள்கிறேன். வீட்டில் அம்மாவிடம் அவரைத் திட்டும்போதும் அந்தப் பெயர்தான்.

திட்டுவதற்குக் காரணம் இருந்தது. நாங்கள் படம் திருத்தப் பயன்படுத்திய சாஃப்ட்வேரில், படத்தைச் சுற்றிச் சின்னச் சின்னப் பெட்டிகள் மிதக்கும். நிறத்துக்கு ஒன்று, பிரஷ்ஷுக்கு ஒன்று, அடுக்குகளுக்கு ஒன்று. பேலட் என்போம். மவுஸால் பிடித்து இழுத்து எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். வைத்தது மறுநாளும் அங்கேயே இருக்கும். பிடிக்காவிட்டால் மெனுவில் ஒரு வரி உண்டு. அதைத் தட்டினால் எல்லாப் பெட்டியும் புதிதாக வாங்கி வந்த அன்று இருந்த இடத்துக்குத் திரும்பிவிடும். பெட்டிகள் வலப்பக்கம் வரிசையாக நிற்கும், படம் இடப்பக்கம் திறக்கும். எனக்குப் பிடித்தது அந்த ஒழுங்குதான். எங்கள் வீட்டு அடுப்படியில் உப்பு டப்பா நான்கு விரற்கடை நகர்ந்திருந்தாலும் கண்டுபிடிக்கிற ஆள் நான்.

மதியத்துக்காரரோ எல்லாப் பெட்டிகளையும் இடப்பக்கம் அள்ளிக் குவித்து வைத்திருப்பார். மேல் மூலையிலிருந்து பாதித் திரை வரை ஒன்றின் மேல் ஒன்று. படத்தை வலது ஓரத்துக்கு ஒதுக்கியிருப்பார். தினமும் காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் அந்தக் குப்பையைப் பார்த்து எனக்கு எரிச்சல் வரும். மெனுவுக்குப் போய் அந்த வரியைத் தட்டுவேன். மறுநாள் மறுபடியும் குப்பை. மறுபடியும் தட்டுவேன். மனுஷன் பீச்சாங்கைக்காரர், அதனால்தான் எல்லாம் இடப்பக்கம் வேண்டியிருக்கிறது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அவர் வேலை செய்து ஒரு நாளும் பார்த்ததில்லை. அவர் உள்ளே வரும்போது நான் கைப்பையை மாட்டிக்கொண்டு கோட்டையூர் டவுன் பஸ்ஸுக்கு ஓடிவிடுவேன்.

ஒரு மாதம் கழித்து மானிட்டரின் நெற்றியில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. 'பேலட்டுகளை நகர்த்த வேண்டாம்.' கல்யாணப் பத்திரிகை வெட்டிய மிச்ச அட்டையில், சிவப்பு மையில். காரணம் ஒன்றும் எழுதவில்லை. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. இவர் என்ன எனக்கு மேலதிகாரியா? அதற்குக் கீழேயே இன்னொரு சீட்டு ஒட்டினேன். 'இந்த மிஷின் இரண்டு பேருக்கும் பொது.' அதற்கப்புறம் வழியில் எதிர்ப்பட்டால்கூடப் பேச்சு வார்த்தை இல்லை. அவர் ஏதோ சொல்ல வருவது மாதிரி இருந்தால் நான் செருப்பு மாட்டுவதில் மும்முரமாகிவிடுவேன்.

அந்தச் சண்டையால் வேலைக்கு ஒரு கெடுதலும் வரவில்லை, ரொம்ப நாள். காலையில் எனக்கு வருவதெல்லாம் கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு, கறுப்பு வெள்ளையில் பழைய படங்கள். கலரில் முகம் திருத்துவது மதியத்துக்காரரின் வேலை என்று முதலாளி பிரித்து வைத்திருந்தார். அதுவும் எனக்கு ஒரு குறைதான். கொடுத்தால் நானும்தான் செய்வேன் என்று மனசுக்குள் பொருமிக்கொண்டிருந்தேன்.

அப்படிப் பொருமிக்கொண்டிருந்த ஒரு காலையில்தான் அந்த வாத்தியார் வந்தார். கீழச்சிவல்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. ஐம்பது வயது இருக்கும். முதலாளி வெளியே போயிருந்ததால் நேராகப் பின்னறைக்கே வந்துவிட்டார். மஞ்சள் பைக்குள்ளிருந்து ஒரு கலர் போட்டோவை எடுத்தார். ஏதோ கல்யாண வீட்டில் சொந்தக்காரர்கள் வரிசையாக நிற்கும் படம். இரண்டாவது வரிசையில் மூன்றாவதாக மயில்கழுத்துக் கலர் சேலையில் நின்ற ஒரு பெண்ணைக் காட்டினார். முகம் கட்டைவிரல் நகம் அளவுதான்.

"இது எங்க வீட்ல, தாயி. இந்த மொகத்த மட்டும் பெருசாக்கித் தர முடியுமா? நாளைக்குச் சாயங்காலம் அவளுக்கு முப்பதாம் நாள் பூசை. மாதா கோயில்ல பீடத்துக்கு முன்னால வைக்கணும்."

செய்துவிடலாம் சார் என்றேன். அவர் போட்டோவை உடனே கொடுத்துவிடவில்லை.

"மஞ்சக்காமாலைல போயிட்டா. பதினெட்டு நாளு ஆஸ்பத்திரில கூடவே இருந்தேன். கண்ணு, மொகம், நகமெல்லாம் மஞ்சளாப் போச்சு. இப்பக் கண்ண மூடுனா அந்த மொகந்தான் வருது. அதுக்கு முந்தி எப்பிடி இருந்தான்னு நெனச்சா நெனப்பே வரமாட்டேங்குது. இதப் பாத்தாத்தான் தெரியுது. அந்தப் பழைய மொகத்த எடுத்துக் குடுத்துருங்க, அது போதும்."

இதை மதியத்துக்குத் தள்ளி வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. அவர் மேல் இரக்கம் இருந்தது உண்மை. என்னால் முடியும் என்று காட்டிவிட வேண்டும் என்ற வீம்பும் இருந்தது, அதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது?

படத்தை ஸ்கேன் செய்து, பக்கத்தில் நின்றவர்களின் தோளையும் பூவையும் நீக்கி, பின்னால் இளநீலம் பூசினேன். அதற்கே அன்றைய நேரம் முடிந்துவிட்டது. மறுநாள் காலையில் வந்ததும் வழக்கம்போல் பெட்டிகளை வலப்பக்கம் விரட்டிவிட்டு, இடப்பக்கம் திறந்த படத்தில் அந்த முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கொஞ்சம் சிவந்த மாதிரி தெரிந்தது. கல்யாண வீட்டு விளக்காக இருக்கும் என்று சிவப்பைக் குறைத்தேன். இன்னும் கொஞ்சம் குறைத்தேன். திரையில் முகம் அழகான மாநிறத்துக்கு வந்தது. பிரிண்ட் போட்டேன். தாளில் மஞ்சளடித்தது. பிரிண்டர் மையைச் சரியாக இறக்கவில்லை என்று அதைச் சுத்தம் செய்து இரண்டாவது தாள் போட்டேன். அதே மஞ்சள். திரையைப் பார்த்தேன், முகம் நன்றாகத்தான் இருந்தது. டியூப் லைட்டில் எதுவும் வெளிறித்தான் தெரியும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லி, படத்தை உறைக்குள் போட்டு வைத்தேன்.

பன்னிரண்டு மணிக்கு வாத்தியார் வந்தார். உறையிலிருந்து படத்தை எடுத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போனார். ரொம்ப நேரம் முதுகைக் காட்டிக்கொண்டே நின்றார்.

"இது ஆஸ்பத்திரில பாத்த மொகம், தாயி," என்றார் திரும்பி.

எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"நீங்க என்ன செய்வீக? நல்லாத்தான் வேல பாத்திருக்கீக. எனக்குத்தான் அப்பிடித் தெரியுதோ என்னமோ."

அவர் திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி ஆறியிருப்பேன். பழியைத் தன் கண் மேல் போட்டுக்கொண்டாரே, அதுதான் தாங்கவில்லை. படத்தை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "நாலு மணிக்கு வாங்க சார், சரி பண்ணி வைக்கிறேன்" என்றேன். பூசை ஐந்தரைக்கு. எப்படிச் சரி பண்ணுவது என்று எனக்குத் தெரியாது.

இரண்டு மணி வரை முட்டி மோதினேன். மூன்றாவது தாளும் மஞ்சள்தான். மதியத்துக்காரர் உள்ளே வந்து, நான் இன்னும் நாற்காலியில் இருப்பதைப் பார்த்து, தயங்கி நின்றார். இரண்டு மாதத்தில் முதல்முறையாக வாயைத் திறந்தேன்.

"எனக்கு மொகத்துக் கலர் வரமாட்டேங்குது. என்னன்னு கொஞ்சம் பாக்கிறீகளா?"

அவர் தாளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், பிறகு முன்னறைப் பக்கம் எட்டிப் பார்த்தார். முதலாளி அங்கே யாரையோ பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார வைத்துக்கொண்டிருந்தார். மதியத்துக்காரர் குனிந்து, வெறும் வெள்ளையில் ஒரு புதுப் படத்தைத் திறந்து, அதை இடது மூலையில் வைத்தார்.

"இது என்ன கலரு?"

"வெள்ளை."

அதை மெல்ல வலப்பக்கம் இழுத்தார். இழுக்க இழுக்க அது வெளுத்தது. மறுபடி இடப்பக்கம் கொண்டுபோனார். ரோஸ் மில்க்கில் தண்ணீர் ஊற்றிய மாதிரி ஒரு சிவப்பு. தினமும் ஐந்து மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்த என் கண்ணுக்கு அது வெள்ளையாகவே பழகிப் போயிருந்தது. அப்படியென்றால் சிவந்திருந்தது திரைதான். இல்லாத சிவப்பை அந்த முகத்திலிருந்து நான் உருவியெடுத்திருக்கிறேன்.

அவர் மானிட்டருக்கு இடப்புறம் விரலை நீட்டினார். அங்கே மேசையோடு மேசையாக முதலாளியின் ஸ்பீக்கர் பெட்டி. கடை முழுக்கக் கேட்கும்படி அவர் நாள் முழுக்கப் போடும் பாட்டு அன்றும் அதில் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"அதுக்குள்ள காந்தம் இருக்கு. பிக்சர் டியூப்புல காந்தம் பட்டா கலரு மாறிரும், இந்த மூலையக் கெடுத்துருச்சு. அங்குட்டு நகத்தி வைக்கலாமான்னு ஒரு தடவ மொதலாளிட்டக் கேட்டேன். பாட்டு இல்லாம எனக்குக் கடை ஓடாது, ஒனக்கு முடியலன்னா வேற எடம் பாத்துக்கன்னுட்டாரு. அதான் பெட்டிகள அங்ஙன குவிச்சு மூடிட்டு, படத்த இங்குட்டு வச்சுக்கிட்டேன்."

"அத அந்தச் சீட்டுல எழுதியிருக்கலாம்ல?"

"அவரும் படிப்பாருல்ல."

"எங்கிட்ட வாயால சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க எங்க பேச விட்டீக?"

எனக்கு வெட்கமாக இருந்தது. நாற்காலியை விட்டு எழுந்தேன். அவர் உட்கார்ந்து, நான் விரட்டியிருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாக இடப்பக்கம் இழுத்து அடுக்கினார். மவுஸ் அவருடைய வலது கையில்தான் இருந்தது. பிறகு அவரும் எழுந்துகொண்டார். "நீங்களே முடிங்க, நீங்க ஒத்துக்கிட்ட வேலை" என்றார்.

வலப்பக்கம் கொண்டு வந்து பார்த்தபோது என் கண்ணுக்கும் அந்த முகம் மஞ்சளாகத் தெரிந்தது. நான் செய்த திருத்தத்தையெல்லாம் நீக்கிவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன். முகத்தில் பெரிதாகச் செய்வதற்கு ஒன்றுமே இல்லை, அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது. நான்காவது தாள் வெளியே வந்தபோது மணி மூன்றே முக்கால். அந்தக் கடையில் அதற்கப்புறம் இரண்டு வருடம் இருந்தேன். மெனுவில் அந்த வரியைத் தொடவே இல்லை. இரண்டு சீட்டுகளையும் அன்றே கிழித்துவிட்டேன்.

நாலு மணிக்கு வாத்தியார் பூசைக்கு வெள்ளை வேட்டியில் வந்தார். படத்தை வாசலுக்கு எடுத்துப் போனார். இந்த முறை சீக்கிரமே திரும்பினார்.

"இவதான்," என்றார். "மூக்குத்தி கூடத் தெரியுது. பெருசாச் சிரிக்க மாட்டா. இம்புட்டுத்தான் சிரிப்பா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மன்னிச்சுக்கங்க சார் என்று ஏதோ சொன்னேன். அவர் அதைக் கவனிக்கவில்லை. மேசை ஓரத்தில் கிடந்த மஞ்சள் தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத என்ன செய்வீக?"

"கிழிச்சுப் போட்டுருவோம் சார்."

"கிழிக்காதீக, தாயி," என்று கையை நீட்டினார். "பதினெட்டு நாளும் நான் இந்த மொகத்துகிட்டத்தான் பேசிக்கிட்டு இருந்தேன். அப்ப அவள ஒரு போட்டோ எடுக்கக்கூட எனக்கு மனசு வரல."

ஒரு தாளை எடுத்துக் கொடுத்தேன். கோயிலுக்குப் போகும் படத்தை உறையில் போட்டுக் கையில் வைத்துக்கொண்டார். மஞ்சள் படத்தை மடங்காமல், பைக்குள் ஆஸ்பத்திரிச் சீட்டுகள் இருந்த பக்கம் செருகிக்கொண்டார்.